பெயர் பொறிக்கப்படாத நால்வர்



மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறியவராயின், கடுகண்ணாவை உச்சியில் நிற்கும் வெள்ளைக் கோபுரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். கொழும்பு - கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் காலமானார். அவர் நினைவாக 1832 இல் எழுந்த கோபுரம் அது. அந்த வீதிக்காகப் பாறை உடைத்தவர்களுள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு இழுக்கப்பட்ட சிங்களக் கிராமத்தவர் பலர். அந்த ஊழியமுறை ஒழிக்கப்பட்டதும் அதே 1832 இல்தான். கோபுரமோ டோசனின் பெயரை மட்டுமே சொல்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு நினைவுச் சின்னத்தைச் சென்னை மெரினாக் கடற்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் கண்டேன். அதுவே உழைப்பாளர் சிலை. நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையை நெம்பிப் புரட்டுகின்றனர். உடலில் கோவணத்துக்கு மேல் ஒன்றுமில்லை. முறுகிய தசையும் வளைந்த முதுகும் வெண்கலத்தில் உறைந்து நிற்கின்றன. 1959 ஆம் ஆண்டு, இந்தியக் குடியரசு தினத்துக்கு முதல்நாள் இது திறந்துவைக்கப்பட்டது.

இதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899 இல், இன்று பங்களாதேஷில் உள்ள ரங்பூரில் பிறந்தவர். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். 1929 இல் சென்னை ஓவியக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். அவர்களுக்குப் பின்வந்த பி. வி. ஜானகிராம் உலோகத் தகட்டையே அடித்து உருவம் படைத்தார். சென்னையின் உலோகச் சிற்ப மரபுக்கு அந்தக் கல்லூரி ஒரு பட்டறையாகவே விளங்கியது எனலாம்.

ராய் சௌத்ரி பெயர் பெற்றோருக்கும் சிலை செய்தவர்தான். அதே மெரினாவில் 1959 இல் நிறுவப்பட்ட காந்தி சிலையும் அவர் கைவண்ணமே. 1942 இல் பட்னாவில் கொடியேற்றச் சென்று சுடப்பட்ட ஏழு மாணவருக்கும் அவர் சிலை வடித்தார். ஆனால் உழைப்பாளர் நால்வருக்கும் பெயர் இல்லை. கல்லூரிக் காவலாளி ஒருவர் மாதிரியாக நின்றார் என்று சொல்லப்படுகிறது. சிங்காரவேலர் 1923 இல் இந்தியாவின் முதலாவது மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையிலேதான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்தச் சிலையின் முன் நின்றபோது எனக்கு என் தகப்பனார் நினைவே வந்தது. அவர் றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். கான் வெட்டும் நாட்களில் அலவாங்கு தூக்கிச் செல்வார். கல்லுக்கடியில் அலவாங்கைச் செருகி அவர் குனியும்போது முதுகு அப்படித்தான் வளையும்.

ஊர் திரும்பி வகுப்பில் இதைச் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்த நாலு பேருக்கும் பேர் இல்லாதது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. பெயர் இல்லாததால்தான் என் தகப்பனாரை நான் அங்கே காண முடிந்தது. ஆனால் பெயரில்லாமலே மண்ணுக்குள் போன ஒரு சமூகத்தின் பிள்ளை அவன். அவனுக்கு அந்தப் பதில் போதுமா?

மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அன்று அந்தப் பாதையில் நடந்தே வந்து, வழியில் மாண்டவர்களுக்கு எந்த மேசனும் கல் வெட்டவில்லை. வெண்கலம் வார்க்க எங்களிடம் வசதியும் இல்லை. ஆகவே, தாத்தா, அவருடைய தகப்பன், அவருடைய தகப்பன் என்று மேல்நோக்கிப் பெயர்களை எழுதி வருமாறு மாணவரிடம் சொன்னேன். பெரும்பாலானோர் தாத்தாவோடு நின்றுவிட்டனர். ஒரு மாணவி மட்டும் பாட்டியிடம் கேட்டு நான்கு பெயர்கள் கொண்டுவந்தாள்.

நானும் எழுதினேன். என் கொப்பியில் மூன்றாவது வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நேயர்களே, உங்கள் வீட்டில் முதியவர் எவராவது இருந்தால், இன்றிரவே கேட்டு எழுதிவையுங்கள்.