கொல்லாமல் வளர்த்தெடுத்த மருந்து

1985, ஷாங்காய். சிறுவர் வைத்தியசாலை ஒன்றில் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி சாகக் கிடக்கிறாள். நோய், அக்யூட் புரோமைலோசைட்டிக் லியூகேமியா. இரத்தப் புற்றுநோய்களுக்குள்ளேயே பொல்லாதது. 1957இல் நோர்வே வைத்தியர் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக விபரித்தபோது, நோயாளிகள் இரத்தக் கசிவால் சில கிழமைகளிலேயே இறந்துபோனார்கள். இந்தப் பிள்ளைக்குக் கீமோவும் சரிவரவில்லை.

அவளுக்கு ரெட்டினோயிக் அமிலம் குடுத்துப் பாக்கலாம் எண்டு சொன்னவர் வாங் சென்யி. விற்றமின் A குடும்பத்துச் சேர்வை அது, தோல் நோய்க்குப் பாவிக்கிறது. சிரிப்பு வருதுதானே? ஆனால் மனுசன் குருட்டு யோசனையில் சொல்லவில்லை. இந்த நோயில் வெண்குருதிக் கலங்கள் பாதி வளர்ந்த நிலையிலேயே நின்றுவிடும், முதிராமல் பெருகும். அந்தக் கலங்களை ரெட்டினோயிக் அமிலம் முதிர வைக்கிறதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் பிரைட்மன் குழு காட்டியிருந்தது. முதிர்ந்த கலம் தன்பாட்டில் வாழ்ந்து தன்பாட்டில் செத்துப்போகும். பிறகேன் கொல்லவேணும்?

பிள்ளை பிழைத்தாள். 1988இல் வாங் குழு 24 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. 24 பேரிலும் நோய் அடங்கியிருந்தது, ஒருவருக்கு மட்டும் கீமோவும் சேர்க்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி நடந்தது என்பது பிறகுதான் விளங்கியது. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்வதை ஜேனட் ரௌலி 1977இலேயே கண்டிருந்தார். 1990 அளவில், அந்த உடைவிலே பி.எம்.எல். என்ற புரதம் ரெட்டினோயிக் அமில ஏற்பியோடு ஒட்டிப்போவது தெரியவந்தது. பி.எம்.எல். ஒரு சாரக்கட்டுப் புரதம். (உடுக்கிற சாரம் இல்லை, மேசன்மார் ஏறி நிக்கிற சாரம்.) கலத்தின் கருவுக்குள்ளே வேறு பல புரதங்களைப் பிடித்துச் சின்னச்சின்ன உருண்டைகளாகக் கட்டிவைப்பது அதன் வேலை. ஒட்டுப் புரதம் வந்ததும் அந்த உருண்டைகள் பொடிப்பொடியாகச் சிதறுகின்றன, முதிர்ச்சிக்கான மரபணுக்களும் பூட்டப்படுகின்றன. மருந்து ஒட்டுப் புரதத்தை அழிக்க, உருண்டைகள் திரும்பவும் கூடுகின்றன.

எனக்கு இதைவிட வியப்பான கதை ஆர்செனிக்குடையது. 1970களில் ஹார்பினில் சாங் திங்டொங்கும் கூட்டாளிகளும் கிராமத்து நாட்டு மருந்தொன்றிலிருந்து பிரித்துக் கண்டுபிடித்த நஞ்சு அது. அது நேராகப் பி.எம்.எல்.இலேயே போய் ஒட்டுகிறது என்று 2010இல்தான் காட்டினார்கள். 2013இல் வெளியான இத்தாலி–ஜெர்மனி ஆய்வில், ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்குக் கீமோ இல்லாமல் இந்த இரண்டையும் மட்டுமே கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் 97 வீதமானோர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள்.