குலைத்து அடுக்குதல்: வீட்டில் கற்கும் பதின்வயதினரும் கட்டுரைப் பயிற்சியும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் கணக்கையும் அறிவியலையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது அவர்கள் தடுமாறும் இடம் கட்டுரைதான். ஒரு செய்தியைப் பற்றி அரைமணி நேரம் விடாமல் பேசும் பிள்ளை, எழுத உட்கார்ந்தால் ஒரு பத்தியோடு நின்றுவிடுகிறது. மேலும் எழுதச் சொன்னால், அதே பத்தியை வேறு சொற்களில் இன்னும் இரண்டு முறை எழுதித் தருகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஓர் அச்சு. அமெரிக்காவில் அதற்கு ஐந்து பத்திக் கட்டுரை என்று பெயர்: கருத்தை அறிவிக்கும் முன்னுரை, அதைத் தாங்கும் மூன்று பத்திகள், ஒரு முடிவுரை. அங்கே வீட்டுவழிக் கல்விக்கென விற்கப்படும் பாடத்திட்டங்கள் பலவற்றிலும் இது இடம்பெற்றிருக்கிறது. நம் பள்ளித் தேர்வுகளில் முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இடையே குறிப்புகளை வரிசையாகக் கொடுத்து ‘கட்டுரை எழுதுக’ என்று கேட்பதும் ஏறக்குறைய இதே அச்சுதான். அச்சு பயனற்றது என்பது என் வாதமன்று. ஒரு மணி நேரத் தேர்வில் அது கைகொடுக்கும். ஆனால், பல பத்திகளில் எழுதுவதன் அடிப்படைத் திறனான வரிசையை அது கற்றுத்தருவதில்லை. அந்தத் திறன் வேறு வழியில் வருகிறது. அந்த வழி வீட்டில் எளிது. அதைக் கெடுக்கும் இடையூறும் வீட்டில்தான் அதிகம்.

வரிசை என்று நான் சொல்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘எங்கள் ஊர் ஏரி ஏன் வற்றுகிறது’ என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று கொள்வோம். அச்சின்படி எழுதினால் மழைக்குறைவுக்கு ஒரு பத்தி, ஆக்கிரமிப்புக்கு ஒரு பத்தி, தூர்ந்துபோன வரத்துக்காலுக்கு ஒரு பத்தி. இந்த மூன்றையும் எப்படி இடம் மாற்றினாலும் கட்டுரைக்கு எதுவும் நேராது. சேதமில்லாமல் இடம் மாற்றக்கூடிய பத்திகள் பட்டியலாகுமே தவிர வாதம் ஆகா. அதே மாணவி, ‘போன ஆண்டு நல்ல மழை பெய்தது, ஆனாலும் ஏரி பாதிகூட நிரம்பவில்லை’ என்று தொடங்கினால் நிலைமை மாறுகிறது. மழை காரணமில்லை என்றால் நீர் எங்கே போனது என்ற கேள்வி அடுத்த பத்தியை இழுத்து வருகிறது. வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது என்றால் அதை ஏன் யாரும் தூர்வாரவில்லை என்பது அதற்கடுத்த பத்தி. இங்கே ஒரு பத்தியைக்கூட நகர்த்த முடியாது. இந்த நகராத்தன்மையைப் பதினைந்து வயதில் எப்படிக் கற்பிப்பது?

இதை வகுப்பறைக்கு வெளியே கற்ற இருவரின் பயிற்சி முறை, அவர்களுடைய தன்வரலாறுகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1706இல் பாஸ்டனில் பிறந்தவர். பத்து வயதோடு பள்ளி முடிந்தது. பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பெண்களுக்குக் கல்வி தேவையா என்பது பற்றி நண்பனோடு அவர் நடத்திய கடித வாதம் தந்தையின் கையில் சிக்கியது. பிழையின்றி எழுதுவதிலும் நிறுத்தக்குறியிலும் மகன்தான் மேல். நடையிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் நண்பனே மேல் என்று தந்தை சான்றுகளோடு காட்டினார். பிழை திருத்துவதோடு நிற்காமல் ஒழுங்கில் உள்ள குறையைத் தனியே பிரித்துச் சொன்ன அந்தத் தந்தையை, வீட்டுவழிக் கல்வியின் முன்மாதிரி ஆசிரியர்களில் ஒருவராக வைக்கலாம்.

பிறகு பிராங்கிளின் செய்ததுதான் முக்கியம். ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்த் தொகுப்பு ஒன்றை வாங்கி, ஒரு கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளிலிருந்து கட்டுரையைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்திக்கொண்டார். இன்னொரு முறை குறிப்புகளையெல்லாம் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து அவற்றைச் சரியான வரிசையில் அடுக்க முயன்றார். எண்ணங்களை ஒழுங்குபடுத்தப் பழகவே அப்படிச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம் வினாத்தாள் குறிப்புகளை அடுக்கியே கொடுத்துவிடுகிறது. பிராங்கிளின் அடுக்கியிருந்ததைக் குலைத்துக்கொண்டார். மாணவருக்கு விட்டுவைக்க வேண்டிய ஒரே வேலையை வினாத்தாளே செய்துமுடித்துவிடுகிறது.

மற்றவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் தந்தை ஜேம்ஸ் மில்லை நமக்குத் தெரியும்: இந்தியாவுக்கே வராமல் இந்திய வரலாற்றை எழுதி, அதை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் காலங்கள் என்று கூறுபோட்டவர். அந்த நூலைப் பற்றி நமக்கு உள்ள மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் அதை எழுதிய அதே மேசையில், கிரேக்கச் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டுக் குறுக்கிட்ட மகனுக்கு அவர் நடத்திய பாடங்கள் வேறு கதை.

சிறுவயதில் மகன் படித்ததைச் சிறு தாள்களில் குறித்துக்கொண்டு, காலை நடையில் தந்தையிடம் சொல்ல வேண்டும். (இன்றைய வீட்டுவழிக் கல்வியாளர்கள் இத்தகைய பயிற்சியை ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் பெயரோடு ‘எடுத்துரைத்தல்’ என்று போற்றுகிறார்கள், மேசனின் ‘ஹோம் எஜுகேஷன்’ வெளியான 1886க்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இது நடந்திருக்கிறது.) 1819இல், பதின்மூன்று வயதில், இது எழுத்தாக மாறியது. நடையின்போது தந்தை பொருளியலில் ஒரு பகுதியை விளக்குவார். மறுநாள் மகன் அதை எழுதித் தர வேண்டும். தெளிவும் துல்லியமும் ஓரளவு முழுமையும் வரும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அந்தக் குறிப்புகள், தந்தை 1821இல் வெளியிட்ட பொருளியல் நூலுக்கு உதவின. மகனின் எழுத்துக்கு ஓர் உண்மையான வேலை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக எழுதி மூலையில் போடும் எழுத்தன்று அது.

அந்த நூல் அச்சுக்குப் போகும் நேரத்தில் மகனுக்கு இன்னொரு வேலை வந்தது. ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அதன் சாரத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும். கருத்துகளின் வரிசை சரியா என்று தந்தை அதை வைத்துச் சோதிப்பார். தத்துவவாதி பெந்தாம் தன் எழுத்துகளுக்கெல்லாம் இப்படி ஓரக்குறிப்பு எழுதுவது வழக்கம். பிராங்கிளின் குறிப்பிலிருந்து பத்திக்குப் போனார். மில் பத்தியிலிருந்து குறிப்புக்கு வந்தார். மறு ஆண்டு கோடையில், பதினாறு வயதில், மில் தன் முதல் வாதக் கட்டுரையை எழுதினார்.

தமிழ் மாணவருக்கு இந்த ஓரக்குறிப்பு அந்நியமானதன்று. சூத்திரங்களுக்கு எழுதும் சுருக்க உரையான காண்டிகையுரையின் உறுப்புகளில் முதலாவது ‘கருத்து’. இச்சூத்திரம் ‘என் நுதலிற்று’, அதாவது எதைச் சொல்ல வருகிறது, என்று கேட்டுவிட்டுத்தான் நம் பழைய உரையாசிரியர்கள் உரைக்குள் நுழைகிறார்கள். சூத்திரத்துக்குக் கேட்ட கேள்வியைத் தன் பத்திக்குக் கேட்கப் பிள்ளையைப் பழக்கினால் போதும். ஓலைச்சுவடியில் பத்தி கிடையாது. அச்சோடு வந்த பழக்கம் அது. அதனால் பத்தி எங்கே முடிய வேண்டும் என்பதைப் பழைய சுவடிகளைப் பார்த்துக் கற்க முடியாது. அதன் கருத்து எங்கே முடிகிறது என்று கேட்டுத்தான் கற்க வேண்டும். திருத்துவதற்கான சொற்களும் நன்னூலிலேயே உள்ளன. ஓரக்குறிப்பு எழுதும்போது ஒரே குறிப்பு இரண்டு இடத்தில் வந்தால் அது கூறியது கூறல். தலைப்போடு ஒட்டாத குறிப்பு வந்தால் மற்றொன்று விரித்தல். குறிப்பே எழுத வரவில்லையென்றால் வெற்றெனத் தொடுத்தல். கடைசிப் பத்திகளின் குறிப்புகள் மெலிந்துகொண்டே போனால் சென்று தேய்ந்து இறுதல். பதின்வயதுக் கட்டுரைகளில் அதிகம் காணும் குற்றம் இதுதான். ‘ஒழுங்காக எழுது’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதைவிட, குற்றத்தின் பெயரைச் சொல்வது பிள்ளைக்கு உதவும்.

மில், பிராங்கிளின் இருவரும் மேதைகள், நம் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தன் இயல்பான திறன் சராசரிக்கும் கீழே என்றும், சராசரிப் பிள்ளை எவரும் இதைச் செய்ய முடியும் என்றும் மில் எழுதினார். அது தன்னடக்கம்; நான் அதை அப்படியே நம்பவில்லை. ஆனாலும் குறிப்பெழுதுவதும் கலைத்து அடுக்குவதும் மேதைமை கேட்கும் வேலைகளல்ல. கேட்பது நேரம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு கட்டுரையை நான்கு முறை திருப்பிக் கொடுக்க எந்த ஆசிரியராலும் ஆகாது. வீட்டில் ஆகும்.

ஜேம்ஸ் மில்லின் முறையில் இரண்டு செய்திகள் என் கவனத்தை ஈர்க்கின்றன. ஒன்று அவருக்குப் பாராட்டு, ஒன்று குறை. சிறுவன் தன் விருப்பத்துக்கு ரோமானிய வரலாறு, ஹாலந்து வரலாறு என்று எழுதிக்கொண்டிருந்தபோது தந்தை ஊக்கப்படுத்தினாரே தவிர, ஒருபோதும் காட்டச் சொல்லவில்லை. திருத்தப்படாத எழுத்தும் ஒரு பயிற்சி என்பது இன்றைய வீட்டு ஆசிரியர்கள் பலருக்குப் பிடிபடுவதில்லை. குறை வேறு. மகன் உரக்கப் படித்தது சரியில்லையென்றால் எப்படிப் படித்திருக்க வேண்டும் என்று விளக்குவார். தானே படித்துக் காட்டமாட்டார். எழுத்துக்கும் இது பொருந்தும். பிள்ளை எழுதும் அதே தலைப்பில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து எழுதி, அடித்து, கிழித்துப் போடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

முன்பு சொன்ன வீட்டின் இடையூறு, வாசகர் பற்றியது. தாய் மகளின் கட்டுரையைப் படிக்கும்போது, மகள் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே படித்துவிடுகிறாள். காலையில் இருவரும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அரைச்சொல் போதும். இரண்டு பத்திகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் அவள் கண்ணில் படுவதில்லை. நேரமில்லாமல் புரட்டும் பள்ளி ஆசிரியர் இந்த ஒரு வகையில் மேலான வாசகர்: அவருக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. பிராங்கிளின் இதை உணர்ந்தே செய்தாரோ இல்லையோ, 1722இல் பதினாறு வயதில், நாட்டுப்புறக் கைம்பெண் ஒருத்தியின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, இரவில் அச்சகக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். அண்ணனின் நண்பர்கள் அதைப் படித்து, ஊரில் கற்றறிந்தவர்களின் பெயர்களையெல்லாம் ஊகித்தார்கள். அப்படிப் பதினான்கு கடிதங்கள் வெளிவந்தன. மில்லும் அதே பதினாறு வயதில் ‘டிராவலர்’ என்ற மாலை நாளிதழுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குப் பிள்ளைகளை வீட்டில் தயார் செய்யும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளின் கட்டுரைகளைப் பெயரை மறைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், பிழையும் திருத்த வேண்டாம். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் நீங்கள் அதில் என்ன படித்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். தான் எழுத நினைத்ததையும் அந்த வரிகளையும் அருகருகே வைத்துப் பிள்ளையே பார்க்கட்டும்.