பெயரில்லாப் பதக்கமும் பெயர் தாங்கிய தாளும்: மாண்ட கடற்படை வான்வீரர்களின் சான்றுகள், 1914–1971

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் உச்சிப்புளி வருகிறது. அங்குள்ள கடற்படை வான்தளம் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து. தமிழ்நாட்டில் வான்தளத்துக்குப் பறவைப் பெயர் சூட்டுவது அதற்கும் முந்தைய வழக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை தன் தாம்பரம் தளத்துக்கு வல்லூறு என்றும், சூலூர்த் தளத்துக்கு வைரி என்றும், கோவை பீளமேட்டுத் தளத்துக்குக் கருடா என்றும் பெயரிட்டது. இந்தியாவையும் இலங்கையையும் சூழ்ந்த கடல்களில் உயிர்விட்ட வான்வீரர்களின் பதக்கங்களையும் தாள்களையும் வரலாற்றுச் சான்றாக எப்படிப் படிப்பது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முதல் உலகப் போரில் பதக்கமே ஆளைச் சொல்லியது. வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. மாண்டவரின் குடும்பத்துக்கு வெண்கல நினைவுத் தட்டு ஒன்றும் வந்தது. அதில் பெயர் மட்டும் உண்டு, பதவி கிடையாது. சாவில் தளபதியும் சிப்பாயும் சமம் என்று கருதி எடுத்த முடிவு அது. 13 லட்சத்துக்கும் மேல் அத்தகைய தட்டுகள் வார்க்கப்பட்டன.

1939–45 போரில் இந்த முறை கைவிடப்பட்டது. பிரிட்டன் தன் வீரர்களுக்கு அளித்த போர்ப் பதக்கங்களும் விண்மீன் வடிவ விருதுகளும் பெயர் பொறிக்கப்படாமலே வந்தன. இது ஆய்வாளருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை 1942 ஏப்ரல் காட்டுகிறது. 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்து கொழும்புப் பக்கம் வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. துணி போர்த்திய இருதட்டு இறக்கை விமானங்கள் அவை; ஜீரோ போர்விமானங்களிடமிருந்து தப்பும் வேகம் அவற்றுக்கு இல்லை. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். அதன் விமானங்களோ கரையில் நின்றன.

அந்த நாட்களில் மாண்டவருக்கு உரிய பர்மா விண்மீனைக் கையில் எடுத்தால், அதுவும் உயிரோடு ஊர் திரும்பியவரின் விண்மீனும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைச் சொல்ல வேண்டியவை தாள்கள். முகவரி எழுதிய சிறு அட்டைப்பெட்டியில் பதக்கங்களோடு இரங்கல் சீட்டு ஒன்று வைத்து அனுப்பினார்கள். இறந்தவரின் பெயர் அதில்தான் இருந்தது. பறப்புப் பதிவேடு இன்னும் ஆழமானது. தேதி, விமான வகை, எண், விமானி, பணி, பறந்த நேரம் என்று வரிவரியாகச் செல்லும். மாதக் கடைசியில் படைப்பிரிவுத் தலைவரின் கையொப்பம் விழும். பயிற்சியில் ஆளுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளத்துக்கு மாறினார், அன்றைக்கு உடன் பறந்தவர் யார் என்பதெல்லாம் இங்கிருந்துதான் தெரியவரும். உடல் கிடைக்காதவருக்கு இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தின் லீ-ஆன்-சோலண்ட் நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத கடற்படை வான்வீரர்கள் 1,900-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. கல்லில் பெயர் இருக்கிறது. அவர் வாழ்ந்த நாட்கள் பதிவேட்டில் இருக்கின்றன.

விடுதலைக்குப் பின் இந்தியா பெயர் பொறிக்கும் பழைய வழியையே பின்பற்றியது. 1971 போருக்கான பூர்வி, பச்சிமி விண்மீன்களும் சங்கிராம் பதக்கமும் அப்படி வழங்கப்பட்டவையே. அப்போரில், டிசம்பர் 10-ஆம் நாள் அரபிக்கடலில் இந்தியக் கடற்படையின் அலிசே விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த மூவரும் மாண்டனர். தன் வீரர்களின் பெயரை உலோகத்திலேயே எழுதியது இந்தியா செய்த நல்ல முடிவு என்று அழுத்தமாகவே சொல்வேன்.

ஆயினும் பெயர் இருந்தும் பதக்கம் உருகிப்போவதுண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் வட்டாரங்களில் படைக்கு ஆள் அனுப்பிய வீடுகள் பல. முதல் உலகப் போர்ப் பதக்கம் வெள்ளி என்பதால் எடைக்கு விலைபோகும். இரண்டாம் போரின் பதக்கத்தில் வெள்ளி இல்லை, அதனால் அது தப்பியிருக்கலாம். ஆனால் பெயர் பொறிக்கப்படாத பிரிட்டிஷ் பதக்கத்தின் சீட்டும் பெட்டியும் பழைய காகிதத்தோடு போய்விட்டால் அது யாருடையது என்று யாராலும் நிறுவ முடியாது. சேகரிப்பாளர்கள் தொகுப்பைப் பிரித்து விற்கும்போதும் இதுவே நடக்கிறது. ஆகவே அருங்காட்சியகமோ குடும்பமோ இவற்றைப் பதிவு செய்யும்போது பதக்கத்துக்கு ஓர் எண், கடிதத்துக்கு வேறோர் எண் என்று பிரிக்காமல், அட்டைப்பெட்டியின் முகவரி ஒட்டிய மூடி உட்பட எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் பதிய வேண்டும்.