இந்திய அரசின் வரவு செலவுத் திட்டம்

ஏப்ரல் முதல் மார்ச் முடிய ஓராண்டில் மத்திய சர்க்காருக்கு வரக்கூடிய வருமானத்தையும் அது செய்யவிருக்கும் செலவையும் மதிப்பிட்டுப் பாராளுமன்றத்தின்முன் வைக்கப்படும் அறிக்கை இது. அரசியல் சட்டத்தின் 112ஆம் விதிப்படி வைக்கப்படுவது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவால் கடன் பெருகியிருக்க, கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியை ஏற்ற பிரிட்டிஷ் முடியரசு, பொக்கிஷத்தைச் சீர்செய்யும் பொருட்டு, லண்டனில் ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையை நிறுவிய ஜேம்ஸ் வில்சனைக் கல்கத்தாவுக்கு அனுப்பிற்று. 1860இல் அவர் சமர்ப்பித்ததே இந்நாட்டின் முதல் பட்ஜெட். நிலவரி, உப்பு, அபினி, சுங்கம் ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்த ராஜாங்கத்துக்கு வருமான வரியை அளித்ததும் அதுவே. ஆண்டு வருமானம் 200 ரூபாய் உள்ளவரும் அவ்வரிக்குத் தப்பவில்லை. சென்னை கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவிலியன், இவ்வரி ஜனங்களின் வழக்கத்துக்குப் புறம்பானதென்றும், செலவைச் சுருக்குவதே தக்க பரிகாரமென்றும் வாதித்ததோடு, தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தமையால், பதவியினின்று திரும்ப அழைக்கப்பட்டார். அச்செயல் உத்தியோக ஒழுங்குக்கு மாறானதே. ஆயினும், வரியை விதித்த சட்டசபையில் ஓர் இந்தியரும் அங்கத்தினராக இல்லாத அந்நாளில், வரி கொடுப்போருக்காக எழுந்த அக்குரல் நன்றியுடன் நினைக்கத்தக்கது. வில்சன் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் காலமானார். 1865இல் நின்றுபோன வரி, இடையிடையே வேறு பெயர்களில் தலைகாட்டி, 1886ஆம் வருஷச் சட்டத்தால் நிலைபெற்றது.

பட்ஜெட்டை விவாதிக்கும் உரிமை சட்டசபைக்கு 1892இல் கிடைத்ததாயினும், அதன்மீது வோட்டளிக்கும் உரிமை 1919ஆம் வருஷச் சட்டம் வரையில் கிடைக்கவில்லை. அப்பொழுதும் ராணுவச் செலவு வோட்டுக்கு அப்பாற்பட்டதாகவே இருந்ததோடு, சபை வெட்டிய தொகையை மீண்டும் சேர்க்கும் அதிகாரமும் சர்க்காரிடமே நின்றது. கேட்டுக் குறைகூறலாம், மறுக்க இயலாது என்னும் இந்நிலையைச் சுதந்திரம் என்று கொள்வதற்கில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை, கோயம்புத்தூரைச் சேர்ந்த நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று சமர்ப்பித்தார். ஏழரை மாத காலத்துக்கான அதில் வருமானம் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. பிரிவினையின் ரணம் ஆறாத அவ்வேளையில், செலவில் ஏறத்தாழப் பாதி, அதாவது 92.74 கோடி, பாதுகாப்புக்கே சென்றது.

1957இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். 1924 முதல் தனித்து நின்ற ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டுடன் இணைந்தது. அவ்வாண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தது. இவை எல்லாவற்றினும் முக்கியமானது அரசியல் சட்டத்தின் 265ஆம் விதி: சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படவோ வசூலிக்கப்படவோ கூடாது.