சிலோன்காரங்க என்று நாம் சொன்னவர்கள்

இப்போது நம் மலைக்கிராமங்களிலும் விசா என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது. கவுஞ்சியில் பூண்டுக் காட்டுக்கு மருந்தடிக்கப் போகிற பையன், "மலேசியா விசா வந்துருச்சுன்னா தைக்கு அப்புறம் கெளம்பிருவேன், சித்தப்பா" என்கிறான். நல்லா இருடா என்று சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு எனக்கு ஞாபகம் வந்தது வேறு சிலர். சொந்த நாடு என்று சொல்லப்பட்ட நாட்டுக்கு வருவதற்கே மனுப் போட்டு, படம் பிடித்து, பாஸ்போர்ட் வாங்கி, நாள் குறித்துக் கப்பலேறி வந்தவர்கள். வந்து சேர்ந்த இடம் நம் பழனிமலை.

நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அவர்களை நினைவிருக்கும். சிலோன்காரங்க என்போம். சர்க்கார் காகிதத்தில் அவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இந்தப் பக்கத்து ஊர்களில் தபால் வேலை பார்த்தவன் நான். கடிதம் கொடுப்பதோடு என் வேலை முடியாது. படித்துச் சொல்ல வேண்டும், பதில் எழுத வேண்டும், சில சமயம் இரும்புப் பெட்டியைத் திறந்து அவர்கள் எடுத்து நீட்டுகிற பழைய காகிதங்களையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படித்தான் இந்த வரலாறு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடையாது.

வெள்ளைக்காரர்கள் கண்டிச் சீமையில் முதலில் காப்பி போட்டார்கள். காப்பியில் நோய் விழுந்த பிறகு தேயிலை. இரண்டுக்கும் ஆள் போனது நம் பக்கத்திலிருந்துதான்: திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். தாது வருஷப் பஞ்சத்தில் போனவர்கள் ஏராளம். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போன காலமும் உண்டு. போன இடத்தில் லயத்துக் காம்பராவில் மூன்று, நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ அந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது அது. தோட்டத்தில் பிறந்தவனிடம் பாட்டன் பிறந்ததற்கு என்ன காகிதம் இருக்கும்? அதற்கு முந்தைய 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குப் போயிருந்தார்கள். 1949-ல் ஓட்டும் போய்விட்டது. அந்த வருஷமே இன்னொரு சட்டம் போட்டு, மனுக் கொடுத்தால் பார்க்கிறோம் என்றார்கள். கல்யாணம் ஆனவர் ஏழு வருஷமும், ஆகாதவர் பத்து வருஷமும் விடாமல் அங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். நடுவில் ஊர்த் திருவிழாவுக்கோ சாவுக்கோ இங்கே வந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் போச்சு. எட்டேகால் லட்சம் பேர் அளவுக்கு மனுக் கொடுத்தார்கள்; கிடைத்தது 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். மற்றவர்கள் இலங்கைக்காரரும் இல்லை, இந்தியரும் இல்லை.

1964 அக்டோபர் 30-ந் தேதி டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக் கிடையைப் பங்கு போடுகிறவன்கூட எந்த ஆடு எந்தக் குட்டியோடு சேர்ந்தது என்று பார்ப்பான். இங்கே ஆளைக் கேட்கவில்லை. தொண்டைமான் அப்போதே எதிர்த்துப் பேசினார், எடுபடவில்லை.

இனிமேல் வருவது காகிதப் பாடு. கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளைக்கு விண்ணப்பம் போக வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதினால் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் வேறொரு பெயர். முத்தம்மா என்பது இங்கிலீஷில் போய்த் தமிழில் திரும்பி வரும்போது முட்டம்மா ஆகியிருக்கும். இந்தியப் பிரஜை என்று பதிவானதும் பாஸ்போர்ட் வரும். வந்த நாளிலிருந்து அவர் பிறந்த மண்ணிலேயே அந்நியர். அங்கே இருப்பதற்கே வதிவிட விசா வேண்டும். அதற்கும் ஒரு தேதி உண்டு. சேமலாப நிதியும் பணிக்கொடையும் தோட்டத்திலிருந்து தீர்ந்து வர வேண்டும். அது வருவதற்குள் விசா முடியும். விசாவை நீட்டித்தால் கப்பல் நாள் தவறும். நான் பார்த்த பாஸ்போர்ட்டுகளில் பல பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. ஆயுளில் ஒரே ஒரு பயணத்துக்கான புத்தகம் அது.

குடும்பங்கள் பிரிந்ததும் இந்தக் காகிதத்தால்தான். அண்ணன் இந்தியாவுக்கு எழுதியிருப்பான், தம்பி இலங்கைக்கு எழுதியிருப்பான். ஒரு மகளை இலங்கைப் பிரஜைக்குக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அவள் அங்கேயே நிற்பாள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில். ஸ்டேஷனில் சாவு வீட்டைப் போல மாரடித்து அழுவார்களாம். ஒரு அக்கா என்னிடம் சொன்னது: "செத்தாலாச்சும் குழிமேட்டுக்குப் போயி ஒரு விளக்கு வைக்கலாம் தம்பி. இது உசுரோட பிரியிறது."

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. அதனால் பிற்பாடு வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பலில் வந்தார்கள். சுங்கத்தில் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பார்கள். பிறகு மண்டபம் முகாம். தாத்தனைச் சிலோனுக்கு அனுப்புகையில் நிறுத்தி வைத்த அதே மண்டபத்தில் பேரனும் வந்து இறங்கினான். கையில் குடும்ப அட்டை என்று ஒன்று. குடும்பத்தார் பெயர்களும் என்ன உதவித் திட்டம் என்பதும் அதில் எழுதியிருக்கும்.

திட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1968-ல் நீலகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் டான்டீ ஆயிற்று. தேயிலை தெரிந்தவனுக்குத் தேயிலை வேலை, சரியான யோசனை. தாயகம் திரும்பியோருக்கென்றே 1969-ல் ரெப்கோ வங்கி வந்தது. ஆனால் வந்தவர்கள் தொகையோ நாலரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். பிறந்தது முதல் கொழுந்து பறித்தவளைப் பார்த்து, சமவெளியில் போய்க் கடை வை என்றால் என்ன செய்வாள்? இடையில் புகுந்த புரோக்கர்கள் பங்கு எடுத்தார்கள். மிச்சப் பணம் அரிசிக்கும் வாடகைக்கும் கரைந்தது. பாட்டன் ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே பங்காளிகள் முகம் கொடுக்கவில்லை. நிலத்தில் பங்கு கேட்டு வந்துவிட்டானோ என்ற பயம்தான். வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள், கொடைக்கானல் நுவரெலியா மாதிரி இருக்கும் என்று.

குளிர் ஒன்றுதான் அப்படி இருந்தது. தேயிலையும் இல்லை, லயமும் இல்லை, 'பேர்' போடுகிற கண்டாக்கும் இல்லை. இருந்தது வாட்டில் காடு. சிலர் சீகை என்பார்கள். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்பதற்காக வனத்துறை நம் புல்வெளிகளிலெல்லாம் நட்டு வைத்தது. அது புல்லையும் ஓடைத் தண்ணீரையும் தின்றது தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். மரத்தை வெட்டி, ஈரம் காய்வதற்குள் பட்டையை உரித்து, கட்டாகக் கட்டிச் சுமந்து எடை போட வேண்டும். எடைக்குத்தான் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. கூப்பு எங்கே நடக்கிறதோ அங்கே குடிசை: வாட்டில் கம்பு, புல்லு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். கூப்பு முடிந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு அடுத்த காட்டுக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுசாக உட்கார்ந்தது அபூர்வம்.

இதைவிடக் கொடியது முன்பணம். மேஸ்திரி கொடுத்த ஐந்நூறு ரூபாய் நாலு வருஷம் உழைத்தும் தீராது. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து என்று கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கணக்கு நோட்டு இருப்பது கொடுத்தவர் கையில். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அது காட்டுக் குடிசைக்கு வந்து சேர எத்தனையோ வருஷம் ஆயிற்று. கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணியிடம் கொள்ளுத்தாத்தா பட்ட கடனும் இதே மாதிரிதானே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பேரைக்கூட மாற்றவில்லை, அங்கேயும் முன்பணம், இங்கேயும் முன்பணம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்க்காரர்களான நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடித்து விரட்டவில்லை, அது உண்மை. உருளைக்கிழங்கு எடுக்கவும் பூண்டு பிடுங்கவும் கூப்பிட்டுக்கொண்டோம். சோப்பை அவர்கள் சவுக்காரம் என்றால் சிரித்தோம், ரொட்டிக்கடை ரொட்டியைப் பாண் என்றால் சிரித்தோம். பால் ஊற்றாத தேத்தண்ணியை ஒரு கையிலும் கருப்பட்டித் துண்டை மறு கையிலும் வைத்துக் குடிப்பதை வேடிக்கை பார்த்தோம். ரேஷன் கார்டுக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால் மட்டும், "வெளியாளுக்கு எதுக்கு வம்பு" என்று நழுவியவர்கள் உண்டு. நம் முன்னோர் தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் பயந்து மலையேறியவர்கள் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அவர்களிடம் குடும்ப அட்டை கேட்க மலையில் அப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1983 கலவரத்துக்குப் பிறகு கப்பல் 1984-ல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் சுமார் 84 ஆயிரம் பேர் அங்கேயே விசா காலாவதியாகித் தங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் மீதி நாடற்றவர்களுக்கும் இலங்கை 2003-ல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் நான் முன்னே சொன்ன அக்காவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "அப்ப அன்னிக்கே பேசாம இருந்திருந்தா, எனக்கும் குடுத்திருப்பாங்களா தம்பி?" ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் தங்கை இருந்தார். மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு வருஷத்துக்கு ஒன்று. இலங்கை முத்திரை குத்திய உறையைப் பையில் பார்த்தால் அன்றைக்கு முதலில் அந்த வீட்டுக்குத்தான் நடப்பேன். ஒரு கடிதத்தில் தங்கை தேயிலைக் கொழுந்து ஒன்றைக் காயவைத்து மடித்து அனுப்பியிருந்தார். அக்கா அதைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "இது பழைய மலைக் கொழுந்து, நாங்க நின்னு எடுத்த எடம்" என்றார்.

காகிதப் பாடு பேரப்பிள்ளை காலத்திலும் விடவில்லை. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பூர்வீக ஊர் எது, அங்கே போய் வாங்கு என்பார்கள் ஓர் அலுவலகத்தில். அந்த ஊருக்குப் போனால், உன் குடும்பம் இங்கே பதிவில் இல்லையே என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பியவன் பெயரை எந்தப் பதிவில் தேடுவது? அப்போதெல்லாம் இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே வருவது அந்தப் பழைய பாஸ்போர்ட்தான். ஓரம் கரையான் அரித்து, படம் மங்கி, பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். அக்காவின் பேரன் அதை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் அலைந்தான். நான்காவது தடவை கொடைக்கானலுக்கு நானும் கூடப் போனேன். சான்றிதழ் கிடைத்து, பாலிடெக்னிக்கில் சேர்ந்து, இப்போது திண்டுக்கல்லில் வேலையில் இருக்கிறான்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். பேரன் போனில் கூப்பிட்டு, "தாத்தா, கப்பல் வந்துருச்சாம், பாட்டியக் கூட்டிட்டுப் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டான். போகலாம், அதற்கு அவருக்குப் புதுப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், இலங்கைக்கு விசா வேண்டும் என்றேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தார் போலிருக்கிறது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "மறுபடியும் படம் புடிக்கணுமான்னு கேளு."