விதியும் விலக்கும்: காலியத்தின் கதை

விதிக்குப் பொருந்தாத உண்மை ஒன்று எதிர்ப்படும்போது யாது செய்தல் வேண்டும்? காலியம் என்னும் உலோகத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

1869-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் மெண்டலீஃப், தனிமங்களை அணு எடைக்கேற்ப நிறுத்தி ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டார். பொருந்தும் தனிமம் கிட்டாத இடங்களை வெற்றிடமாகவே விட்டார். அலுமினியத்தின் கீழிருந்த வெற்றிடத்திற்கு ‘ஏக அலுமினியம்’ என்று பெயரிட்டார். ஏக என்பது ஒன்று எனப் பொருள்படும் வடசொல். வரவிருக்கும் அத்தனிமத்தின் அணு எடை ஏறத்தாழ 68 என்றும், அது நீரினும் 5.9 மடங்கு அடர்த்தி உடையது என்றும், எளிதில் உருகும் என்றும் 1871-இல் முன்னுரைத்தார்.

1875-இல் பிரெஞ்சு வேதியியலர் புவாபோதிரான், பிரனீசு மலைப்பகுதியில் கிடைத்த துத்தநாகத் தாதுவை நிறமாலைமானியால் ஆராய்ந்தார். எவரும் அதுவரை கண்டிராத ஊதாக் கோடுகள் இரண்டு தோன்றின. புதிய தனிமத்திற்குத் தம் நாட்டின் பழம்பெயரால் காலியம் எனப் பெயர் சூட்டினார். அது உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும் உலோகம். ஆனால் அவர் அளந்த அடர்த்தி 4.7. அவ்வுலோகத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீஃப், மாதிரி தூயதாய் இராது, அடர்த்தி 5.9-ஐ ஒட்டியே இருத்தல் வேண்டும் என்று எழுதினார். புவாபோதிரான் உலோகத்தைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்தார். விடை 5.9! இங்கே விதி அளவைத் திருத்தியது.

கதை இத்துடன் முடியவில்லை. போரான், அலுமினியம், காலியம், இண்டியம், தாலியம் ஆகிய ஐந்தும் ஒரு குடும்பம். பி-தொகுதியின் முதல் நிரலாக அமைபவை. ஒரு நிரலில் கீழே செல்லச் செல்ல அணு பருக்கும். வெளிப்புற எலெக்ட்ரானை நீக்குவதும் எளிதாகும். இது பொது விதி. ஒரு மோல் அணுக்களில் அணுவுக்கு ஓர் எலெக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றலைக் கிலோஜூலில் காண்போம்: போரான் 801, அலுமினியம் 578, காலியம் 579, இண்டியம் 558, தாலியம் 589. காலியம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை; தாலியமோ ஏறியே விட்டது! காலிய அணுவும் அலுமினிய அணுவினும் பருத்ததன்று. இம்முறை மாதிரியில் மாசில்லை, அளவில் பிழையுமில்லை.

விடை அணுவினுள் இருந்தது. அட்டவணையின் வரிசைக்கு அடிப்படை அணு எடையன்று, கருவின் மின்னூட்டமே என்பதை 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களால் காட்டினார். போரானின் எண் 5, அலுமினியத்தின் எண் 13, இடைவெளி 8. காலியத்தின் எண்ணோ 31, இடைவெளி 18. ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் இடையே புகுந்துள்ளன. அவற்றில் உட்கூட்டில் சேர்ந்த பத்து எலெக்ட்ரான்களும் கருவின் ஈர்ப்பை நன்கு மறைப்பதில்லை. நெருங்க வேயாத பந்தலின்கீழ் வெயில் இறங்குவதுபோல, ஈர்ப்பு வெளி எலெக்ட்ரானை எட்டிப் பற்றுகிறது. தாலியத்திற்கு முன்னர் லாந்தனைடு வரிசையின் பதினான்கு எலெக்ட்ரான்களும் சேர்கின்றன. அவை மறைப்பதோ இன்னும் குறைவு.

காலியத்தின் அடர்த்தியில் விதி வென்றது. அதன் ஆற்றலிலோ விலக்கு வென்று, விதியின் ஆழ்ந்த காரணத்தைக் காட்டிற்று. இவற்றுள் எது நேரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆதலின், சோதனைச்சாலையில் எதிர்பாராத எண் கிடைத்தால், அதனை அழித்துப் புத்தகத்து எண்ணை எழுதிவிடாதீர்கள். புத்தகம் பொய் என்றும் துணியாதீர்கள். பொருளைத் தூய்மை செய்து, மீண்டும் அளந்து பாருங்கள்.