சங்கடப்படலை: நிழலும் எல்லையும்

ஒரு கட்டடத்தின் கதவு திறப்பதற்கும் மூடுவதற்கும் மாத்திரம் அமைந்ததன்று. உள்ளிருப்போர் வெளியே நிற்பவரை எவ்வாறு கருதுகின்றனர் என்பதையும் அது புலப்படுத்தும். நியூயோர்க் நகரில் 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிறைஸ்லர் அலுவலகக் கட்டடத்தின் மின்தூக்கிக் கதவுகள் இதற்குத் தக்க சான்றாகும். பல்வகை மரத்தகடுகளைப் பதித்து, விரிந்த மலரை ஒத்த கோலங்களை அக்கதவுகளில் ஆக்கியுள்ளனர். மின்தூக்கியின் இயக்கத்திற்கு இவ்வேலைப்பாடு தேவையன்று. மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஒருவரின் செல்வச் சிறப்பைக் காத்து நிற்பவருக்கு உணர்த்துவதே அதன் பணி எனலாம்.

மாடிகள் உயராத யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், வெளியே நிற்பவரை நோக்கி அமைந்த தனித்துவமான வாயிலொன்று இருந்தது. அதுவே சங்கடப்படலை. வேலியில் அமையும் கதவினைப் படலை என்பது இங்குள்ள வழக்கு. கிடுகாலோ பனையோலையாலோ அடைக்கப்பட்ட வேலியின் இடையே தூண்கள் நாட்டி, கதவிட்டு, அதன்மேல் சிறு கூரை வேய்வர். ஓலைக் கூரைக்குப் பதிலாக ஓடு வேய்ந்தவையும் உள. இருமருங்கும் அமர்வதற்குத் திண்ணை அமைப்பதும், மண்பானையில் குடிநீர் வைப்பதும் உண்டு.

இக்கூரை படலையின் உட்புறத்தோடு நில்லாது தெருப்புறத்தையும் மூடி நின்றமை கவனத்திற்குரியது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. கிணற்று நீரை நம்பியே மக்கள் வாழ்ந்தனர். சந்தைக்கும் கோயிலுக்கும் கால்நடையாகச் சென்றோர்க்குச் சித்திரை வெயிலில் நிழலும் நீரும் பேருதவியாயின. பருத்தித்துறையில் வீதியின் இருபுறமும் தூண்கள் நிற்க, வீதியையே கூரையால் மூடி அமைந்த தெருமூடி மடமும், ஊர்தோறும் நாட்டப்பெற்ற சுமைதாங்கிகளும் இந்நோக்கிலேயே எழுந்தன. மடம் ஊரளவில் செய்ததைச் சங்கடப்படலை வீட்டளவில் செய்தது.

ஆயினும், இதனை விருந்தோம்பலின் சின்னம் என்று புகழ்ந்து அமைவது மாத்திரம் வரலாறாகாது. நிழல் தந்த வாயிலே எல்லையாகவும் இருந்தது. படலையைக் கடந்து எவர் எதுவரை வரலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. வீட்டு வாயிலில் நிலவிய அவ்வரையறையே கோயில் வாயிலிலும் நிலவியது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தமை நாம் மறக்கத்தகாத செய்தியாகும்.

காலப்போக்கில் வேலிகள் மதில்களாயின. மரப் படலைகள் இருந்த இடத்தில் இரும்புக் கதவுகள் வந்தன. போரினாலும் 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வினாலும் வீடுகள் பல சிதைந்தன. எஞ்சிய சங்கடப்படலைகள் இன்று அரியன. அவற்றின் சாயலில் அமைந்த வாயில்களைச் சில விருந்தகங்களில் அலங்காரமாகக் காண்கின்றோம்.

மரபினைப் பேணுதல் என்பது கூரையை மீண்டும் வேய்வதோடு முடிவதன்று. முன்னோர் தெருப்புறம் நீட்டிய நிழலை ஏற்றுக்கொள்ளும் நாம், அவர்கள் உட்புறம் வகுத்த எல்லையை நீக்குதல் வேண்டும். எவரையும் தடுக்காத வாயிலுக்கே அக்கூரை அழகு தரும்.